பாடமும் பதிவேடும் பேசும் மொழி

அலுவலகத்தில் ஆண்டுதோறும் தகவல் பாதுகாப்புப் பயிற்சி வரும். கணினியில் பாடத்தைத் திறந்து கேள்விகளுக்கு விடையளித்ததும், மனிதவளத் துறையின் பட்டியலில் ‘முடித்தார்’ என்று ஏறிவிடும். பாடத்தைத் தயாரித்தது ஒரு நிறுவனம். பட்டியலை வைத்திருக்கும் மென்பொருள் இன்னொரு நிறுவனத்துடையது. இவை இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தது விமானத் துறை. 1980களில் விமானத் தயாரிப்பாளர்கள் விமானிகளுக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் கணினிவழிப் பாடங்களைத் தந்தார்கள். ஒருவர் தந்த பாடம் இன்னொருவரின் கருவியில் ஓடாது. பலவகை விமானங்களை வைத்திருந்த சேவை நிறுவனங்கள் பலவகைக் கருவிகளையும் வாங்க நேர்ந்தது. பொதுவிதிகளை வகுக்க 1988இல் ‘ஏஐசிசி’ என்ற குழு உருவானது.

அடுத்து வந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அது 1997இல் தொடங்கிய ‘ஏடிஎல்’ திட்டம், 2000இல் ‘ஸ்கார்ம்’ என்ற நெறியை வெளியிட்டது. 2001இல் வந்த 1.2 பதிப்பு இன்றும் பரவலாகப் புழங்குகிறது.

ஸ்கார்ம் செய்யும் வேலை எளியது. பாடத்தின் கோப்புகளெல்லாம் ஒரே ஜிப் பொதியாகக் கட்டப்படும். உள்ளே என்னென்ன இருக்கின்றன, எதை முதலில் திறக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் கோப்பும் அதிலேயே இருக்கும். பாடம் உலாவியில் ஓடும்போது, ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பதிவேட்டு மென்பொருளுக்குச் சிறு செய்திகள் போகும்: தொடங்கிவிட்டார், 80 மதிப்பெண், இந்தப் பக்கத்தில் நிறுத்தினார். நிலையைக் குறிக்க 1.2 பதிப்பில் ஆறே சொற்கள்தான். முடித்தார், முடிக்கவில்லை, தேறினார், தேறவில்லை போன்றவை. விட்ட இடத்தை நினைவில் வைக்க 4,096 எழுத்துகளுக்கே இடம்.

இந்தச் சிறு நெறியைச் சுற்றிப் பெரிய சந்தை வளர்ந்தது. பதிவேட்டு மென்பொருள் விற்ற டோசென்ட், கிளிக்டுலேர்ன் நிறுவனங்கள் இரண்டும் 2004இல் இணைந்து சம்டோட்டல் ஆயின. அதை 2014இல் ஸ்கில்சாஃப்ட் வாங்கியது. 1997இல் தொடங்கிய சபா நிறுவனம், 2020இல் கார்னர்ஸ்டோன் நிறுவனத்திடம் போனது. பழைய பாடங்கள் பலவற்றுக்கு உயிராக இருந்த ஃபிளாஷ் மென்பொருளையும் அந்த ஆண்டின் இறுதியோடு அடோபி கைவிட்டது. விற்பவர்கள் மாறினார்கள், பொதி மாறவில்லை. மென்பொருளை மாற்றும்போது கையிலிருக்கும் பாடங்களையும் கொண்டுபோக முடிவதுதான் வாங்குபவருக்குக் கிடைத்த லாபம்.

ஆனால் இந்த நெறிக்குள் அடங்குபவை மட்டுமே கணக்கில் வந்தன. பணியிடத்தில் மூத்தவரிடம் கற்றது, பயிற்சிக்கூடத்தில் செய்து பார்த்தது எதற்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2013இல் ‘எக்ஸ்ஏபிஐ’ வந்தது. ‘இன்னார் இன்னதைச் செய்தார்’ என்ற வாக்கிய வடிவில், உலாவிக்கு வெளியே நடப்பதையும் அதில் பதியலாம்.

எந்த நெறியானாலும், ‘முடித்தார்’ என்ற செய்தியை எப்போது அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் பாடத்தை உருவாக்கியவரே தீர்மானிக்கிறார். கடைசிப் பக்கத்தைத் திறந்தாலே போதும் என்றும் வைக்கலாம், தேர்வில் தேறினால்தான் என்றும் வைக்கலாம். பட்டியலில் இரண்டும் ஒரேபோல்தான் தெரியும். ஆகவே பயிற்சிப் பாடம் வாங்கும் நிறுவனம் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த விதியைத்தான்.