திண்ணையில் அவிழ்ந்த மூட்டை

ஈரோட்டில் செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை முடிந்தால், மறுநாள் சைக்கிள் கேரியரில் மூட்டையோடு சேலைக்காரர் கொடுமுடிக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் மூட்டை அவிழும். "நேத்துச் சந்தையில எடுத்ததுங்க அம்மிணி, சாயம் போனா என்னைக் கேளுங்க" என்பார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்த பிறகே விலை பேசுவார். அவருக்கு எங்கள் வீடு தெரியும். எங்களுக்கும் அவர் ஊர், அவர் மகள் கல்யாணக் கடன் எல்லாம் தெரியும். தவணை பாக்கியோ, பேச்சில் தடிப்போ, எது நடந்தாலும் பார்க்க வீதியே இருந்தது.

இன்று அதே வீதியில் சேலை விற்பவர் ஓர் அக்கா. இளம்பிள்ளையில் சரக்கெடுத்து, பையன் பள்ளிக்கூடம் போனதும் கட்டிலில் விரித்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். வாங்குகிறவர்கள் பல ஊர்க்காரர்கள், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அவரிடம் இருந்ததோ ஒரே எண். பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், பையனின் பள்ளி, ஜிபே எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார். இரவு 11.40க்கு வீடியோ கால், எடுக்கவில்லை. அடுத்து, "நீங்களே கட்டிக் காட்டுங்க." அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதாக, "வீடு மகுடேசுவரர் கோயில் பக்கம்தானே?" பார்சலில் எழுதியிருந்த அனுப்புநர் முகவரியிலிருந்து எடுத்திருக்கிறான். எனக்கே கை நடுங்கியது.

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதே என்று யாருக்கும் சொல்லிவிடலாம். விற்கிறவருக்கு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வாடிக்கையாளரும் முதல்நாள் தெரியாத எண்தானே! வாட்ஸ்அப்பில் அத்தகைய அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் வியாபாரமும் சேர்ந்து அடங்கிவிடும்.

ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் தொல்லை உண்டு. ஆனால் அங்கே கல்லாவில் முதலாளி இருக்கிறார், பக்கத்தில் இன்னொரு பெண் நிற்கிறாள், வாங்க வந்தவனின் முகம் தெரிகிறது. நாளெல்லாம் நின்ற அந்தக் கால்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்றது. வீட்டுக் கட்டிலே கடையாகிவிட்ட பெண்ணுக்கு மேலாளரும் இல்லை, கடை மூடும் நேரமும் இல்லை.

மஞ்சள்தூள் பாக்கெட் போடுகிற பெண்ணுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். பாக்கெட்டில் பெயரும் முகவரியும் அச்சிடவேண்டும் என்பது விதி. ஏமாந்தவர் தேடிவர முகவரி வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடே தொழிலகமாக இருக்கும்போது அந்த முகவரி, குழந்தைகள் தூங்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

அக்கா இப்போது வியாபாரத்துக்குத் தனி சிம் வைத்திருக்கிறார். போன் எண் இல்லாத யுபிஐ ஐடி எடுத்தார். முகப்புப் படத்தில் சேலை மட்டும். குரூப்பில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் சேனலுக்கு மாறினார். அனுப்புநர் முகவரியாகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் மாமாவைக் கேட்டு, அந்தக் கடை முகவரியைப் போடுகிறார்.

ஒன்றுதான் கைவிட்டுப் போனது. வெட்கத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிட்டார். பெண் வேண்டாமென்று தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் காட்ட ஸ்கிரீன்ஷாட் வேண்டுமே! பெண்கள் உதவி எண் 181, பண மோசடிக்கு 1930 என்று எழுதி அவர் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பெயரில்லாத எண். அக்கா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எடுத்தார். "சொல்லுங்க, எந்தக் கலருங்க?"