உளி படாத குகைக் கோயில்

நம்ம திருச்சி மலைக்கோட்டையில் உள்ள பல்லவர் குகையை எல்லோரும் பார்த்திருப்பீங்க. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் உளியால் குடைந்த குடைவரை அது. ஆனால் முழுப் பரீட்சை லீவில் மலேசியாவில் மாமா வீட்டுக்குப் போனபோது நான் பார்த்த பத்துமலைக் குகையை எந்தச் சிற்பியும் குடையவில்லை. குடைந்தது தண்ணீர்!

முதலில் பெயரைச் சொல்லிடறேன். பத்துமலை என்றால் 10 மலை இல்லை. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல்.

முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கிட்டு கோலாலம்பூரிலிருந்து ரயிலில் கிளம்பினோம். ஸ்டேஷன் மலையடிவாரத்திலேயே இருக்கு. வெளியே 140 அடி உயர முருகன் சிலை. 2006இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் 272 படிகள். குரங்குத் தொல்லை ஜாஸ்தி, பையில் இருந்த வாழைப்பழம் பாதிப் படியிலேயே போச்சு!

மேலே போனால் பெரிய மண்டபம் மாதிரி குகை. கூரையில் ஓரிடத்தில் திறப்பு இருப்பதால் வெளிச்சம் விழுது. தம்புசாமிப் பிள்ளை என்பவர் முயற்சியால் இங்கே முருகன் வழிபாடு தொடங்கியது. 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது.

"யார் மாமா இவ்ளோ பெருசா குடைஞ்சாங்க?" என்று கேட்டேன். "யாரும் இல்லடா, இது சுண்ணாம்புக்கல்" என்றார்.

மலைக்கோட்டைப் பாறை தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புக்கல் கரையும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து லேசான அமிலமாகிறது. அது கல் இடுக்கில் இறங்கி, லட்சக்கணக்கான வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்ததுதான் குகை. நம்பிக்கை இல்லையா? முட்டை ஓட்டை எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டுப் பாருங்க, குமிழ் வரும். ஓட்டில் இருப்பதும் அதே கால்சியம் கார்பனேட்தான்.

கரைந்த சுண்ணாம்பு கூரையிலிருந்து சொட்டும்போது மறுபடி படிந்து விழுது போலத் தொங்குகிறது. ஒரு விரல் நீளம் வளர நூற்றாண்டுகள் ஆகலாம். நம் கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அது தெரியாமல் சிலர் தடவித் தடவிப் பார்க்கிறாங்க. எனக்குக் கஷ்டமா இருந்தது.

மத்தியானம் ஊர் சுற்றினோம். கோம்பாக், கிள்ளான் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தைப் பார்த்தோம். கோலாலம்பூர் என்றால் சேற்று முகத்துவாரம் என்று அர்த்தமாம். 1873இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். தைப்பூச வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும்.

கடைசியாக 88 மாடி இரட்டைக் கோபுரம். உயரம் 452 மீட்டர். அங்கேயும் அதே சுண்ணாம்புக்கல் கதைதான்! நகரத்துக்கு அடியிலும் அந்தப் பாறை இருக்கு, அதிலும் பொந்துகள். முதலில் குறித்த இடத்தில் அடிப்பாறை சரியில்லை என்று தெரிந்ததும், கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டினாங்க. அப்படியும் சில அஸ்திவாரத் தூண்களை 100 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறக்க வேண்டியிருந்தது.

- 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு