பல் வைத்தியருக்குத் துணைநிற்கும் கைகள்

பல் வைத்தியம் இரண்டு கைகளால் முடிகிற காரியமன்று. ஒரு கையில் சிறு கண்ணாடியும் மறு கையில் துளையிடும் கருவியும் ஏந்தியிருக்கும் வைத்தியர், வாயில் ஊறிக்கொண்டேயிருக்கும் உமிழ்நீரை உறிஞ்சவும், நாக்கையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிக்கவும், சிமெண்டைக் குழைத்து அது இறுகுமுன் நீட்டவும் வேறொருவருடைய கைகளையே நம்பியிருக்கிறார். டெண்டல் அசிஸ்டென்ட் என்று எல்லோரும் அழைக்கிற அந்த உதவியாளர் எங்கே, எவ்விதம் பயிற்சி பெறுகிறார் என்று விசாரிப்பதற்கு இது தக்க தருணம். ஏனெனில், சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் பிறகு புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டு, ஆண்டுக்கு 50 பேர் பல் மருத்துவப் பட்டப்படிப்பில் சேர வழி பிறந்திருக்கிறது. வைத்தியரை உருவாக்க ஏற்பாடு வந்துவிட்டது. துணைநிற்பவர் நிலை என்ன?

உள்ளதைச் சொல்வதானால், பெரும்பாலோர் கண்டு பழகியே தேர்ச்சி பெறுகிறார்கள். புதுக்கோட்டை நகரத்திலும், அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி போன்ற ஊர்களிலும், பிளஸ் டூ முடித்த பெண்ணொருத்தி பல் கிளினிக்கில் வேலைக்கு அமர்ந்து, முதலில் டோக்கன் எழுதி, பிறகு கருவிகளைக் கழுவி, சில மாதங்களில் நாற்காலியருகே நின்று சக்‌ஷன் குழாயைப் பிடிக்கும் நிலைக்கு உயர்வதே இத்தொழிலின் நடைமுறைச் சம்பிரதாயம். 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற மாவட்டம் இது. அத்தலைமுறையின் பெண்மக்களும் பேத்திகளும் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் நகரத்து வேலைக்கு வந்து போவதில் வியப்பில்லை.

சட்டமோ இவர்களை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பல்லைச் சுத்தம் செய்து சுகாதாரம் போதிக்கும் ஹைஜீனிஸ்டையும், பல் செட் செய்து தரும் மெக்கானிக்கையும் பெயர் சொல்லி வரையறுத்துப் பதிவேட்டில் இடம் கொடுத்தது. இவ்விரு தொழில்களுக்கான படிப்புகளும் இரண்டாண்டுக் காலத்தவை. நாற்காலியருகே நிற்கும் உதவியாளருக்கு அச்சட்டத்தில் தனிப் பதிவேடு இல்லை. பிற்காலத்தில் பல் மருத்துவக் கவுன்சில் அறுவை அறை உதவியாளர் படிப்பொன்றுக்கு விதிகள் வகுத்ததும், திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இத்தொழில் ஒரு பாடமாக இடம்பெற்றதும் உண்மையே. எனினும், சான்றிதழ் இல்லாமலே இவ்வேலையில் அமர்ந்து, அதிலேயே காலங்கழிப்பது இன்றும் சாத்தியமாயிருக்கிறது. கண்டு பழகுவதை நான் குறைத்துப் பேசவில்லை. கைவேகத்தை அதுபோல் கற்பிக்கும் பள்ளி வேறில்லை. ஆனால் செய்கிற காரியத்தின் காரணத்தை அது கற்பிப்பதில்லை என்பதே என் அபிப்பிராயம். இத்தொழிலிலோ காரணம் அறியாமை அபாயகரமானது.

கருவிகளைத் தூய்மை செய்யும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நோயாளியின் கண்ணில் படாத இந்த வேலைதான் உதவியாளரின் பிரதான உத்தியோகம். இரத்தமும் உமிழ்நீரும் படிந்த கருவியை முதலில் தேய்த்துக் கழுவி அழுக்கை முழுவதும் நீக்கி, உலர்த்தி, உறையிலிட்டு, அதன்பின்பே ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கருக்கு உடன்பிறப்பு போன்ற அந்த இயந்திரத்தில், 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டி, பதினைந்து நிமிஷங்களுக்குக் குறையாமலும், உறையிட்டவற்றுக்கு அரை மணி நேரம் வரையிலும் நின்றாலொழிய, சில கிருமிகளின் வித்துகள் அழிவதில்லை. வெறும் கொதிநீருக்கு 100 டிகிரிக்கு மேல் செல்லும் சக்தியில்லை. ஆகவே கொதிக்கவைத்து எடுத்துவிட்டோம் என்று திருப்தியடைவது வீண். உறையின்மேல் ஒட்டிய நாடா நிறம் மாறியதைக் கண்டு வேலை முடிந்ததென்று நினைப்பதும் அத்தகையதே. நாடா சூடு பட்டதை மட்டுமே அறிவிக்கும், கிருமி செத்ததா என்பதை வித்துப் பரிசோதனைதான் அறிவிக்கும். நேரத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் பெட்டியில் கருவிகளை நெருக்கி அடுக்கினால் நீராவி இடையில் புகாது. இவையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவையல்ல. யாரேனும் உட்காரவைத்துச் சொன்னால்தான் உண்டு.

கருவிக்கு அடுத்தது தன் உடம்பு. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் பயன்பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவர் விரலில் குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை இருக்கிறது, எச்.ஐ.வி. விஷயத்தில் அது ஆயிரத்துக்கு மூன்றளவே. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணைகளில் போடும் தடுப்பூசியே ஹெபடைடிஸ் பி-க்குப் பிரதான கவசம். அதைப் போட்டுக்கொள்ளாதவரை நாற்காலியருகே நிறுத்துவது தகாத செயல். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பையிலும், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்பிலும், ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும் சேர வேண்டும் என்பது முதல் வாரத்துப் பாடமாயிருக்க வேண்டியது.

எக்ஸ்ரேயின் அபாயத்தை உணர்த்த இத்தொழிலின் சரித்திரமே போதும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ், 1885-இல் மால்வினா கியூரியா என்னும் பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். அவரையே இத்தொழிலின் முதல் பெண்மணியாகக் குறிப்பிடுவார்கள். சிகிச்சை அறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதனால், ஆண் துணையின்றியே பெண் நோயாளிகள் வரத் துணிந்தார்கள். அதே கெல்ஸ், 1896-இல் எக்ஸ்ரே கருவியைப் பல் வைத்தியத்தில் புகுத்தியவர்களுள் முன்னோடி. ஒவ்வொரு முறையும் கதிரின் அளவைச் சரிபார்க்கத் தம் கையையே அதில் நீட்டி வந்தார். புற்றுநோய் கண்டு, விரல்களையும் பிறகு கையையும் இழந்து, அவ்வேதனையிலேயே 1928-இல் அவர் வாழ்வு முடிந்தது. படம் எடுக்கும்போது உதவியாளர் ஆறடிக்கு அப்பால் விலகி நிற்க வேண்டும் என்றும், நோயாளியின் வாயில் ஃபிலிமைத் தன் விரலால் பிடிக்கவே கூடாது என்றும் இன்று விதித்திருப்பது இத்தகைய அனுபவங்களின் பயனாகவே.

மற்றவை பழக்கத்தில் படியும். வைத்தியர் “த்ரீ சிக்ஸ்” என்றால் கீழ்த்தாடையில் இடப்புறத்து முதற் கடைவாய்ப்பல் என்று உடனே குறிக்கவும், பல் செட்டுக்கு அளவு எடுக்கும் ஆல்ஜினேட் மாவைக் கட்டியின்றிக் குழைக்கவும், எடுத்த அளவு காய்ந்து சுருங்குமுன் அதில் கல்மாவு ஊற்றவும் கை தானே கற்றுக்கொள்ளும். அந்த ஆல்ஜினேட் பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து பிறப்பது. மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கிச் சேகரிப்பவற்றுள் அவ்வினத்துப் பாசிகளும் உண்டு.

எந்தப் பாடப்புத்தகமும் போதிய இடம் ஒதுக்காத அம்சம், நோயாளியோடு பேசுவது. வைத்தியரிடம் வாய் திறக்கத் தயங்கும் கிராமத்து முதியவள், அருகே நிற்கும் பெண்ணிடம்தான் “மேப்பல்லப் புடுங்குனா கண்ணு போயிருமாமே, தாயி?” என்று கேட்பாள். அப்படியொன்றுமில்லை என்று எடுத்துரைப்பதோடு, “அப்பத்தா, சுகருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? நெஞ்சுக்கு, ரத்தம் உறையாம இருக்க ஏதும் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டு எழுதிவைப்பது, பல் பிடுங்கியபின் நில்லாத இரத்தப்போக்கைத் தவிர்க்கக்கூடிய பேருதவி. வெற்றிலை பாக்குடன் புகையிலை அடக்கும் வழக்கமுள்ளவரின் கன்னத்தில் வெண்படலமோ ஆறாத புண்ணோ தென்பட்டால் வைத்தியரின் காதில் போடுவதும் அவள் கடமையே; புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்துவிட்டது.

பயிற்சி என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. சான்றிதழ் எந்த அமைப்பின் பெயரால் வழங்கப்படுகிறது? வகுப்பறைக்கு அப்பால், நோயாளி வந்து அமரும் நாற்காலியருகே எத்தனை மாதம் நிற்க விடுவார்கள்? ஆட்டோகிளேவும் அதன் அன்றாடக் குறிப்பேடும் கண்ணுக்குக் காட்டப்படுமா? தடுப்பூசிச் செலவு யாருடையது? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தைக் காட்டிலும், சிரத்தையுடன் கற்றுக்கொடுக்கும் நல்ல பல் டாக்டர் ஒருவரிடம் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்து ஓராண்டு பழகுவது மேல். கையில் காசும் மிஞ்சும்.