செயற்கைக்கோள் படத்தில் ஒரு வருவாய்க் கிராமம்

சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்த விவசாயிக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதை அவருடைய வயல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவருடைய வருவாய்க் கிராமமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, இயற்கைச் சூழலால் ஒரு காப்பீட்டு அலகில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வழங்கப்படும். இந்த 75 சதவீதத்தை அளப்பதில் இன்று செயற்கைக்கோள் படங்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பை மதிப்பிட்டு வந்திருக்கிறது. 2023 காரிஃப் பருவம் முதல் நெல், கோதுமை மகசூல் மதிப்பீட்டில் தொழில்நுட்பக் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு அளிக்கப்படுகிறது.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 எடுக்கும் படம் சுமார் 250 கிலோமீட்டர் அகலம் கொண்டது. கல்லணை, கோடியக்கரை, வங்கக் கடல் எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடக்கூடும். அதிலிருந்து ஒரு கிராமத்தை எப்படிக் கத்தரிப்பது? நெல் மூட்டைச் சாக்கில் எழுத்துப் பதிக்கும் தகட்டை நினைத்துக்கொள்ளலாம். வெட்டிய இடத்தில் மட்டும் மை இறங்கும். கணினியிலும் படத்தின் அளவுக்கே ஒரு தகடு தயாரிக்கிறார்கள். கிராம எல்லைக்குள் இருக்கும் கட்டங்களுக்கு 1, வெளியே இருப்பவற்றுக்கு 0. படத்தை இதனால் பெருக்கினால் கிராமம் மட்டும் மிஞ்சும். இதை 'மாஸ்க்' என்பார்கள். தமிழில் மறைப்பு எனலாம். அதன்மேல் நெல்லுக்கான இன்னொரு மறைப்பை வைத்தால் சாலை, குளம், தென்னந்தோப்பு, குடியிருப்பு எல்லாம் விலகிவிடும்.

இதுவரை எளிது. சிக்கல் 0 என்ற எண்ணில் இருக்கிறது. வெளியே தள்ளிய கட்டத்துக்கும் 0, பயிரில்லாத கட்டத்துக்கும் 0 என்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட முயன்றவர்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள். 1970-களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு ஒளிபுகும் தன்மை உடையது என்பதை அது சொல்லும். ஒளிபுகும் புள்ளி கறுப்புப் புள்ளி அல்ல. அங்கே தகவலே இல்லை என்று பொருள்.

டெல்டாவில் இந்த வேறுபாடு பணமாகிறது. சம்பா வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சாதாரண ஒளிப்படங்களில் மேகமே அதிகம். மேகத்தை அகற்றவும் ஒரு மறைப்பு உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு கிராமத்துக்கு 1,000 கட்டங்கள் என்று கொள்வோம். 600-ல் பயிர் இல்லை, 200-ல் நெல் தெரிகிறது, 200 மேகத்தில் மறைந்துவிட்டன. மறைந்தவற்றைப் பயிரற்றவை என்று சேர்த்தால் விதைக்காத பரப்பு 80 சதவீதம், இழப்பீடு உண்டு. கணக்கிலிருந்தே நீக்கினால் 600-ஐ 800-ஆல் வகுக்க, சரியாக 75. அதற்கு மேல் இல்லை என்பதால் இழப்பீடும் இல்லை. நெல் என்று சேர்த்தாலோ 60 சதவீதம்தான். வயல் மாறவில்லை, வானம் மாறவில்லை. தெரியாததை என்னவென்று எழுதினோம் என்பது மட்டுமே மாறியது.

ரேடார் மேகத்தை ஊடுருவும்; அதனால்தான் நெல்லுக்கு அதை நாடுகிறார்கள். தண்ணீர் கட்டிய நடவு வயல் படத்தில் இருண்டு, பயிர் வளர வளர வெளிறும். ஆனால், கடைமடையில் பலர் நடுவதில்லை. மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்கிறார்கள். தொடக்கத்தில் நீர் நிற்காத அந்த வயலை, நடவை மட்டுமே கற்ற மறைப்பு தவறவிடக்கூடும். தரிசில் தேங்கிய மழைநீரை நடவு என்று எடுத்துக்கொள்ளவும் கூடும்.

விளிம்புகளும் தொல்லைதான். தஞ்சை வழக்கில் ஒரு மா என்பது 33 சென்ட், ஏறத்தாழ 1,340 சதுர மீட்டர். 10 மீட்டர் கட்டங்களில் பதின்மூன்று. ஆனால், சதுரமான ஒரு மா வயலின் பக்கம் 37 மீட்டருக்கும் குறைவு; வரப்பும் பக்கத்து வயலும் கலக்காமல் முழுவதும் உள்ளே அடங்கும் கட்டங்கள் நான்கிலிருந்து ஒன்பதுதான். வாய்க்காலை ஒட்டிய நீள வயலில் இன்னும் குறையும். விளிம்புக் கட்டத்துக்கு 1 அல்லது 0 என்று முடிவுகட்டாமல், பாதி நெல் என்றால் பாதி மதிப்புக் கொடுக்கலாம். படக்கலைஞர்கள் முடிக்கற்றையின் விளிம்பைக் கத்தரிக்கக் கையாளும் அதே வழி இது.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. கிராமத்தில் சில இடங்களில் மட்டும் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையோடு ஒப்பிட்டால், கிராமம் முழுவதையும் பார்ப்பது நல்லதே. குறை என்னவென்றால், கணக்கில் எந்தக் கட்டங்கள் சேர்ந்தன, எவை விலக்கப்பட்டன என்பது விவசாயிக்குத் தெரிவதில்லை. நெல், நெல் இல்லை, தெரியவில்லை என மூன்று நிறங்களில் கிராமத்தின் மறைப்பை அச்சிட்டு, அடங்கலோடு கிராம நிர்வாக அலுவலகத்தில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. புல எண்ணைப் பார்த்துத் தவறைச் சுட்டிக்காட்ட ஊரில் ஆள் உண்டு. அதை அறுவடைக்கு முன்பே செய்தாக வேண்டும். டெல்டாவில் நிற்கும் சம்பாவுக்குள்ளேயே உளுந்து தெளிப்பவர்கள் பலர். கதிர் அறுத்த சில வாரங்களில் வயல் பச்சையாகிவிடும், நெல் நின்ற தடத்தை அப்போது யாரும் காட்ட முடியாது.