91 இருந்த இடத்தில் 88: டயரில் யாரும் படிக்காத எண்

என் அக்கா மகன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். வாங்கிய வாரமே 17 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 18 அங்குல அலாய் வீல் மாட்டினான். மூன்றே மாதம். மழைநீர் தேங்கிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. மறுநாள் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே இழை அறுந்துவிட்டது என்று பொருள். பஞ்சர் போல அதை ஒட்டவும் முடியாது. ஓடும்போது எந்த நேரமும் வெடிக்கலாம்.

குனிந்து டயரைப் படித்தேன்: 225/40 R18 88. கம்பெனி கொடுத்திருந்தது 225/45 R17 91.

225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 17 அங்குல டயருக்கு அது 101 மி.மீ.; 18-க்கு 90 தான். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை அதுதான். மொத்த விட்டமோ 634, 637 என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். அதனால்தான் கடைக்காரர் "கரெக்டா பொருந்தும் சார்" என்றார். அது பொய்யில்லை. ஆனால் கடைசி எண்ணை, அதாவது சுமை எண்ணை, அவர் பார்க்கவில்லை. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 88 என்றால் 560. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 220 கிலோ, அதாவது மூன்று பேரின் எடை, குறைந்துவிட்டது. அதே அளவில் கூடுதல் சுமை தாங்கும் 92 எக்ஸ்எல் டயரும் உண்டு. 630 கிலோ தாங்கும், காற்று மட்டும் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இதே காருக்கு 235/40 R19 போட்டால் விட்டம் ஆறு சதவீதம் வரை கூடும். மீட்டர் குறைவாகக் காட்டும், வண்டி வேகமாகப் போகும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசவும் செய்யும். டயர் மட்டுமல்ல, ரிம்மிலும் போல்ட் துளைகளின் இடைவெளி, நடுத்துளை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பொருத்தும் தளம் விலகியிருக்கும் தூரம்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போர்ஷே 911 கரேரா போன்ற வண்டிகளில் முன்னே 235/40 R19, பின்னே 295/35 R20. அங்கே டயரை முன்பின் மாற்றிப் போடவே கூடாது.

சட்டமும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதையே காரணம் காட்டிக் கைவிரிக்கக்கூடும். எனவே உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே ஏற்றுக்கொண்ட அளவுகளுக்குள் நிற்பதே நல்லது. மாற்றியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

தவறான டயரைத் தலையில் கட்டினால் கடைக்காரர் தப்ப முடியாது. ஆனால் பில் வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் டயரின் முழு அளவையும், சுமை எண்ணையும், தயாரிப்புத் தேதியையும் எழுதி வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் அந்தத் தேதி. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். புதிய டயர் என்று சொல்லிப் பழைய இருப்பைத் தள்ளிவிடுவது இதில் மாட்டிக்கொள்ளும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. புடைத்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவே சாட்சி.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் கம்பெனி குறித்த டயர் அளவைச் சொல்லும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். எங்கள் பையனிடம் பில் இல்லை. நான்கு டயரையும் அவன் சொந்தக் காசில்தான் மாற்றினான்.