பெண்டிர் பெற்றுத் தந்த ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'மென்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆடவர் என்பது ஒன்று. மனித குலம் முழுவதும் என்பது மற்றொன்று. எவ்விடத்தில் எப்பொருள் கொள்வது என்பது படிப்போர் மனத்தைப் பொறுத்தது. தமிழிலோ ஆடவர் வேறு, மகளிர் வேறு. இருபாலாரையும் ஒருங்கே குறிக்க மக்கள், மாந்தர் என்னும் சொற்கள் தொன்றுதொட்டு வழங்குகின்றன. பலர்பால் விகுதியும் இருபாலார்க்கும் பொதுவாகவே நிற்கிறது. ஆதலின் தமிழ் கற்கும் மாணவனுக்கு இதில் மயக்கம் தோன்றாது. ஆயின், உலக நாடுகள் கூடி மனித உரிமைகளை வரையறுக்க முற்பட்டபோது, இந்த ஒரு சொல்லின் இரட்டைப் பொருளே பெரும் வாதத்திற்கு இடமாயிற்று. அவ்வாதத்தை முன்னின்று எடுத்துரைத்தவர் ஓர் இந்தியப் பெண்மணி.

நால்வர் இட்ட கையொப்பம்

இரண்டாம் உலகப் போர் முடிவுறும் தறுவாயில், 1945 ஏப்ரல் 25 முதல் சூன் 26 வரை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை இயற்றினர். அதில் கையொப்பமிட்டவர் ஏறத்தாழ 160 பேர். அவருள் பெண்கள் நால்வரே: பிரேசிலின் பெர்தா லுட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்தினோ, சீனாவின் வூ யீ ஃபாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ்.

'ஆண் பெண் இருபாலார்க்கும் சம உரிமை' என்பது சாசனத்தின் முகவுரையில் வெளிப்படையாக நிற்க வேண்டும் என்று லுட்ஸ் அம்மையாரும் பெர்னார்தினோ அம்மையாரும் வற்புறுத்தினர். பெண் பிரதிநிதிகள் அனைவரும் இதற்கு உடன்பட்டனர் அல்லர். பெண்களுக்கெனத் தனியே கூறுவது தேவையில்லை என்பது கில்டர்ஸ்லீவ் அம்மையாரின் கருத்து. முடிவில் அச்சொற்றொடர் முகவுரையில் இடம்பெற்றது. மன்றத்தின் எப்பதவிக்கும் ஆணும் பெண்ணும் தகுதியுடையவர் என்பதும் 8ஆம் பிரிவாக அமைந்தது.

ஹன்சா மேத்தாவின் வாதம்

அடுத்து, உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரையும் பணி மனித உரிமை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 18 நாடுகள் அதில் இருந்தன. தலைமை தாங்கியவர் அமெரிக்காவின் எலினோர் ரூசுவெல்ட் அம்மையார். அவரன்றி அக்குழுவில் இருந்த மற்றொரு பெண் பிரதிநிதி இந்தியாவின் ஹன்சா மேத்தா.

1897இல் சூரத் நகரில் பிறந்த இவர் கல்வியாளர். குஜராத்தி மொழியில் சிறுவர் நூல்கள் எழுதியவர். இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில், இந்தியப் பெண்களின் சார்பில் தேசியக் கொடியை அச்சபைக்கு வழங்கியவரும் இவரே.

பிரகடனத்தின் தொடக்க வரைவுகளில் 'மென்' என்னும் சொல்லே ஆளப்பட்டிருந்தது. அது மனித குலத்தையே குறிக்கும், அமெரிக்கப் பெண்கள் அச்சொல்லால் தாங்கள் விலக்கப்பட்டதாகக் கருதியதில்லை என்று ரூசுவெல்ட் அம்மையார் கூறினார். மேத்தா இதனை ஏற்கவில்லை. சில நாடுகளில் அச்சொல்லை ஆடவர் என்றே பொருள்கொண்டு, பெண்களுக்கு உரிமையை மறுக்க இடமுண்டு என்றார். பெண்கள் நிலை பற்றிய ஆணைக்குழுவின் முதல் தலைவரான டென்மார்க்கின் போடில் பெக்ட்ரப் அம்மையாரும், 'அனைவரும்', 'ஒவ்வொருவரும்' எனப் பொதுச்சொல்லே வேண்டும் என்றார். ஈற்றில் முதற்பிரிவு, மனிதப் பிறவியர் அனைவரையும் தழுவும் சொல்லோடு அமைந்தது.

துணைநின்ற குரல்கள்

இப்பணியில் உழைத்த வேறு சிலரும் நினைக்கத் தக்கவர். பாலின அடிப்படையில் வேற்றுமை கூடாது என்னும் கருத்து 2ஆம் பிரிவில் இடம்பெறப் பிரான்சின் மாரி எலேன் லெஃபோஷோ பாடுபட்டார். திருமணத்தில் சம உரிமை கூறும் 16ஆம் பிரிவைப் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ராமுல்லா ஆதரித்துப் பேசினார். குழந்தை மணத்தையும் கட்டாய மணத்தையும் தடுக்க அஃது உதவும் என்பது அவர் கருத்து. அந்நாளில் சோவியத் ஒன்றியத்தில் இருந்த பெலாரஸ் குடியரசின் எவ்தோகியா உராலோவா, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என வாதிட்டார். 23ஆம் பிரிவில் அவ்வுரிமையைக் காணலாம்.

திருவனந்தபுரத்தில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்த இலட்சுமி மேனன், 1948இல் இந்தியாவின் சார்பில் பேசினார். பெண்களையும் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட மக்களையும் வெளிப்படையாகக் குறிப்பிடாவிடில், 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கியதாக எவரும் கொள்ளமாட்டார் என்றார் அவர். அன்று மலாயாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. இதனை எண்ணினால் அவ்வாதத்தின் அருமை நன்கு விளங்கும்.

1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் பிரகடனம் நிறைவேறியது. ஆதரித்தவை 48 நாடுகள், எதிர்த்தது ஒன்றுமில்லை, 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எனினும் பழைய வழக்கு முற்றும் நீங்கிவிடவில்லை. உழைப்போர் உரிமை கூறும் 23ஆம் பிரிவின் ஆங்கில வாசகத்தில், 'தானும் தன் குடும்பமும்' என்று கூறுமிடத்துச் சுட்டுப்பெயர் ஆண்பாலாகவே நிற்கிறது.

சொல் சட்டமாதல்

பிரகடனம் அறநெறியை உரைப்பது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அன்று. அக்குறையைப் பெண்கள் வகையில் நீக்க வந்தது, பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979 டிசம்பர் 18இல் இதனை ஏற்றது. 1981 செப்டம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தது. கருவுற்றமை காரணமாகப் பெண்ணை வேலையிலிருந்து நீக்குதல் கூடாது என்பது அதன் 11ஆம் பிரிவில் உள்ளது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் இதில் இணைந்தன.

மலேசிய அரசமைப்பின் 8ஆம் பிரிவு, சமயம், இனம், வமிசம், பிறப்பிடம் ஆகியவை காரணமாகக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டுவதைத் தடுத்திருந்தது. பாலினம் என்ற சொல் அவ்வரிசையில் இல்லை. 2001இல் செய்யப்பட்ட திருத்தத்தாலேயே அது சேர்ந்தது.

அச்சொல்லின் பயன் யாது? தற்காலிக ஆசிரியைப் பணிக்கு அமர்த்தப்பெற்ற ஒரு பெண், தாம் கருவுற்றிருப்பதைத் தெரிவித்ததும் அப்பணி மீட்டுக்கொள்ளப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், கருவுற்றமை காரணமாக வேலை மறுத்தல் பாலினப் பாகுபாடே எனத் தீர்ப்பளித்தது. அரசமைப்பில் சேர்ந்த அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் காண, நீதிமன்றம் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையையே துணைக்கொண்டது. அச்சொல் இல்லையெனில், அவ்வாசிரியை தம் வழக்கிற்கு எப்பிரிவைக் காட்டியிருக்க இயலும்?

பெயர் சுட்டப்பெறாதவர் சட்டத்தின் பயனை இழப்பர் என்று மேத்தாவும் மேனனும் அஞ்சிய அச்சம் வீணானதன்று. மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்பிரிவைத் தமிழில் கற்பிக்குமிடத்து, அதன் பொதுச்சொல் இயல்பாகவே வாய்த்ததுபோல் தோன்றும். ஆங்கில மூலத்தில் அஃது இயல்பாக வாய்க்கவில்லை; வாதாடிப் பெறப்பட்டது. பாடத்தோடு அதனைப் பெற்றுத் தந்தோரின் பெயர்களையும் மாணவர் அறியச் செய்தல் ஆசிரியர் கடனாகும்.