வயதா, வால்வா?

கனமூலைப் பள்ளியில் கதிரை போட்டுத் தொழுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். என் வாப்பாவும் அதைத்தான் சொன்னார். அவர் முழங்காலில் ஒன்றுமில்லை. குனிந்தெழும்பினால் மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. தென்னந்தோட்டத்தை நிற்காமல் சுற்றி வந்த மனிதர், பாதியில் குந்தத் தொடங்கினார். பிறகு தோட்டத்துக்கே போகவில்லை. போகாததால் மூச்சும் வாங்கவில்லை. "இப்ப நல்ல சுகம் மகன்" என்றார்.

பெருநாடி வால்வுச் சுருக்கம் இப்படித்தான் ஒளிந்து வளர்கிறது. நோயாளி தன்னையறியாமல் நடமாட்டத்தைக் குறைக்கிறார்; வீட்டார் வயதின் மேல் பழியைப் போடுகிறோம்.

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் புறப்படும் வாசலில் இருக்கிறது இந்த வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள், 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்கும். முதுமையில் அவற்றில் கல்சியம் படிந்து விறைத்துப்போகும். நூற்றில் ஓரிருவர் இரண்டே இதழ்களோடு பிறக்கிறார்கள். அவர்களுக்கு இது முந்தியே வரும். சிறுவயதில் வாதக்காய்ச்சல் கண்டவர்களுக்கும் வரலாம். திறப்பு 1 சதுர சென்ரிமீற்றர் அளவுக்கு, அல்லது அதற்கும் கீழே சுருங்கினால் நோய் கடுமை.

கிளினிக்கில் டொக்டர் வாப்பாவின் நெஞ்சின் வலப்பக்க மேற்புறத்தில் குழாயை வைத்தார். அங்கே கேட்ட முரட்டு இரைச்சல் கழுத்து வரை ஏறியது. எக்கோ எடுக்கச் சொன்னார். வால்வைத் தாண்டும் இரத்தம் செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தைத் தொட்டால் அதுவும் கடுமைக்கு அடையாளம். ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம்.

"நல்ல மருந்தா எழுதித் தாங்க டொக்டர்" என்றார் உம்மா. சுருங்கிய வால்வைத் திறக்க மருந்து கிடையாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை அயல்வீட்டில் வாங்கிப் போடுவதோ ஆபத்து. பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் வந்த பின்னும் வால்வை மாற்றாவிட்டால் பலருக்கு மிஞ்சுவது இரண்டு முதல் ஐந்து வருடம்தான்.

உலோக வால்வு நெடுநாள் உழைக்கும்; திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு 1990 முதல் இந்த வகையில் பயன்படுகிறது. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசையை ஆயுள் முழுக்க விழுங்கி, அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். விலங்குத் திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. பத்துப் பதினைந்து வருடத்தில் அது தேயலாம்.

"பன்றியுடையதா?" என்று வாப்பா கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். மாட்டின் இதய உறையில் செய்த வால்வும் உண்டு. அவருக்கு நெஞ்சைத் திறந்து அதைத்தான் வைத்தார்கள்.

நெஞ்சைத் திறக்காமலும் வைக்கலாம். 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாக மெல்லிய குழாய் வழியே இரத்தக்குழாயினூடாக வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். இன்று பெரும்பாலும் தொடைவழியே செய்கிறார்கள். மிக முதியவர்களுக்கும் ஒபரேசனைத் தாங்க முடியாதவர்களுக்கும் இது பெரிய வரம். வால்வின் விலைதான் கடுமை.

மாற்றியபின் பல் பிடுங்கப் போனால், வால்வு வைத்த கதையை முதலில் சொல்லுங்கள். கிருமி இரத்தத்தில் ஏறி வால்வில் குடியேறலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் சுகமா என்று கேட்டால், சுகம் என்றே சொல்வார்கள். போன வருடம் செய்த எந்த வேலையை இந்த வருடம் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். மூச்சு, மயக்கம், நெஞ்சு என்று பதில் வந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.